அன்றைய பயம் அன்றே தீர வேண்டும்: பிள்ளைகளுக்குப் பேய்க்கதை வாசிப்பவர்களுக்கு

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பேய்க்கதையோ மாயக்கதையோ வாசிப்பதாக இருந்தால் தடித்த நாவலை எடுக்காதீர்கள். சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். பாதியில் புத்தகத்தை மூடினால் மீதிக் கதையைப் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும், அதுவும் விளக்கணைத்துப் போர்வைக்குள் போன பிறகு. புத்தகத்தில் இருக்கும் பேய் எவ்வளவு பெரியதானாலும் அதற்கு ஒரு கடைசிப் பக்கம் உண்டு. பிள்ளை தனியாகக் கட்டிய பேய்க்கு அது கிடையாது. அதனால், திறந்துவிட்ட பயத்தை எழுந்து போவதற்குள் மூடிவிட வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள் என்று எல்லோரும் வருவார்கள். "எதற்கு டீச்சர் பயமுறுத்துகிற கதை?" என்று சில அம்மாக்கள் கேட்பதுண்டு. பேய் பற்றிப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரிய அண்ணன் சொல்கிறான், செல்போனில் ஏதோ வீடியோ வருகிறது. அவற்றில் எதற்கும் முடிவு இல்லை, பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. நல்ல தொகுப்பு இரண்டையும் தருகிறது.

புத்தகக் கடையில் நிற்கும்போது அட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பின்னட்டையில் எழுதியிருப்பதையும் விட்டுவிடுங்கள். பொருளடக்கத்தில் மூன்று கதைகளைத் தொட்டு, ஒவ்வொன்றிலும் கடைசி அரைப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். பயம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

சிரிப்பில் முடிவது ஒரு வகை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில், பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பையன் அதைக் கற்றுக்கொள்ளக் கிளம்புவான். பாழடைந்த கோட்டையில் மூன்று ராத்திரி தங்கிப் பிணங்களையும் பிசாசுகளையும் பார்த்தும் அவனுக்கு நடுக்கம் வராது. கடைசியில், தூங்குகிறவன்மேல் சின்ன மீன்கள் துள்ளும் ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவார்கள். அப்போதுதான் உடம்பு நடுங்கி எழுவான். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு அந்த மீன் கொள்ளை ஆனந்தம். எட்டு வயதுக்கு இப்படி முடிகிற கதைகள்தான் வேண்டும்.

கேள்வியில் முடிவது இன்னொரு வகை. இதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வேதாளக் கதையின் அமைப்பை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சுடுகாடு, நடுநிசி, மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் சுமந்து நடக்கும் அரசன். இதைவிடப் பயங்கரமான தொடக்கம் எந்த நாட்டுக் கதையிலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, முடிவில் நியாயம் கேட்கிறது. யார் செய்தது சரி? யாருக்கு அந்தப் பெண் உரியவள்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். பிள்ளை அந்த நேரம் பிணத்தை மறந்து நியாயம் பேச ஆரம்பித்துவிடும். பயம் முழுவதும் யோசனையாக மாறிவிடுகிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் சமஸ்கிருதத்தில் எழுதிய கதாசரித்சாகரத்துக்குள் இந்த வரிசை இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் அரசனுக்கே பதில் தெரியாமல் மௌனமாக நடப்பான். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் இந்த வேதாளத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடப்பது, அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தாத்தா பாட்டி யாரையாவது கூப்பிட்டு, கேள்வி வரும் இடத்தை மட்டும் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, மூடாமல் விடுவது. லஃப்காடியோ ஹெர்ன் 1904-இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ஜப்பானியப் பேய்க்கதைகளில் ஒன்று. இருட்டில் ஒரு சரிவில் ஏறிப் போகும் வியாபாரி, அகழி ஓரம் உட்கார்ந்து அழும் பெண்ணைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போகிறார். அவள் திரும்பி முகத்தைத் தடவுகிறாள்: கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. ஓட்டமாக ஓடி, தூரத்தில் லாந்தர் வைத்திருக்கும் நூடுல்ஸ் விற்பவரிடம் போய் விழுந்து நடந்ததைச் சொல்ல வருகிறார். "இப்படியா இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே அவரும் தன் முகத்தைத் தடவுகிறார். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் கதை. பன்னிரண்டு வயதுக்காரர்கள் மூச்சை அடக்கிக் கேட்டு, முடிந்ததும் "ஐயோ!" என்று சிரிப்பார்கள். எட்டு வயதுக்கு இது கூடாது. அந்த வயதில் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆளும் பேயாகிவிட்டால் பிள்ளைக்குப் போக இடமில்லை. நான் தேர்ந்தெடுக்கும் தொகுப்பில் இப்படிப்பட்ட கதை ஒன்றோ இரண்டோ இருக்கலாம். எல்லாமே இப்படி என்றால் அலமாரியில் திருப்பி வைத்துவிடுவேன்.

நீளத்தையும் கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஐந்து வரிகளில் எத்தனை சொற்கள் என்று எண்ணி ஐந்தால் வகுத்து, பக்கத்தின் வரிகளால் பெருக்கி, பிறகு கதையின் பக்கங்களால் பெருக்குங்கள். தமிழைச் சத்தமாக, நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் வரும். 1,000 சொல் கதை என்றால் பத்து நிமிடம். அதுதான் சரியான அளவு. 1,500-ஐத் தாண்டினால் பின்வரிசையில் கிள்ளல் ஆரம்பித்துவிடும்.

படங்களைப் பெரியவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தைவிடப் படம்தான் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டார் கதைகளிலிருந்து தொகுத்துச் சிறுவர்களுக்காக 1981-இல் வெளியிட்ட பேய்க்கதைப் புத்தகத்தையும் அதன் அடுத்த பாகங்களையும் நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி 1990-களில் ஏகப்பட்ட எதிர்ப்பு வந்தது. அந்தப் பத்தாண்டில் அங்கே அதிகம் எதிர்க்கப்பட்ட புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் இவற்றுக்குத்தான். கதைகள் மிகச் சுருக்கமானவை, சில நகைச்சுவையானவைகூட. ஸ்டீஃபன் கேமல் வரைந்த, மை ஒழுகுவது போன்ற கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பலர் மனதில் ஒட்டிக்கொண்டவை. பின்னால் வேறு ஓவியரின் மென்மையான படங்களோடு ஒரு பதிப்பு வந்தபோது, சின்ன வயதில் பழைய படங்களைப் பார்த்துப் பயந்தவர்களே அவைதான் வேண்டும் என்று கேட்டார்கள். ஆக, பயங்கரமான படமே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டமாக வாசிக்கும்போது படத்தை மூடிவைத்து, கதை முடிந்த பிறகு, பார்க்க விரும்புகிற பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கள். அப்போது கதையின் முடிவு பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

பழைய கதை என்றால் யாருடைய பதிப்பு என்றும் பாருங்கள். கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-இல் வந்தபோது அதில் பிள்ளைகள் கசாப்புக்காரர் விளையாட்டு விளையாடி உயிர் போவதாக ஒரு கதை இருந்தது. கண்டனம் வந்து, 1819 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 1857-இல் வந்த ஏழாம் பதிப்பு வரை அந்தப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். தொகுத்தவர்களே பிள்ளைகளை மனதில் வைத்து மாற்றியிருக்கும்போது, வாசிக்கும் நீங்கள் ஒரு வரியை விட்டு வாசிப்பதில் குற்றமில்லை. ஆனால் பல்லைப் பிடுங்கிய சுருக்கங்களும் கடையில் நிறைய இருக்கின்றன. ஓநாய் விருந்துக்கு வந்து நண்பனாகிப் போவதாக முடித்திருந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

இனி, நான் கண்டிப்பாகத் தள்ளிவைப்பவை. நம் ஊர்ப் பேய்க்கதைகளில் பேய் பெரும்பாலும் பெண். ஏமாற்றப்பட்டவள், கொல்லப்பட்டவள், தன்னையே மாய்த்துக்கொண்டவள். செத்த பிறகுதான் அவளுக்குப் பலம் வருகிறது, பழி வாங்குகிறாள். உயிரை விட்டால் எல்லோரையும் ஜெயிக்கலாம் என்று ஒரு பத்து வயதுப் பெண் பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? பழையனூர் நீலி போன்ற கதைகளுக்குப் பெரிய ஆழம் உண்டு, ஆனால் அவை உயர்நிலைப் பள்ளி வயதுக்கு, பேசிப் புரியவைக்கும் சூழலுக்கு. அடுத்தது, பேய் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். புளியமரம், பாழடைந்த பங்களா, தூர்ந்த கிணறு எல்லாம் சரி. சுடுகாட்டை ஒட்டிய தெரு, பிணம் எரிப்பவரின் வீடு, ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பு என்று வந்தால் அந்தக் கதை வேண்டாம். அந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். கூனல், மாறுகண், கருத்த நிறம் இவற்றையே பேயின் அடையாளமாக வைக்கும் கதைகளும் அப்படித்தான்.

புத்தகம் கைக்கு வந்துவிட்டது. முதல் கதையிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்காதீர்கள். தொகுப்பாளர் தனியாகப் படிப்பவருக்காக அடுக்கிய வரிசை அது. ஒரு சாயங்காலத்துக்கு மூன்று கதை போதும், நான் வைக்கும் வரிசை இது. முதலில் சிரிப்புப் பேய். கூட்டம் சேரும் நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், அதைத் தாங்கும் கதையாக இருக்க வேண்டும். நடுவில் உண்மையான பயம். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள், வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். கடைசியில் மாயக்கதை: பறக்கும் பாய், பேசும் ஆமை, கடலுக்கடியில் ஒரு ஊர். இதில் ஆபத்து இருக்கலாம், ஆனால் ஆச்சரியம் மேலோங்கி நிற்க வேண்டும். வீட்டுக்கு நடந்து போகும்போது பிள்ளைகள் பேசிக்கொண்டு போவது இந்தக் கடைசிக் கதையைத்தான்.

ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஒரு பொழுதுபோக்கு இருந்தது. நூறு திரிகளை ஏற்றிவைத்து, ஒரு பேய்க்கதை முடிந்ததும் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவதும் அணைந்து முழு இருட்டானால் ஏதோ ஒன்று வந்து நிற்கும் என்று நம்பிக்கை. அதனால் தொண்ணூற்று ஒன்பதோடு நிறுத்திவிடுவதும் உண்டாம். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு அகல் ஏற்றுகிறோம். தீப்பெட்டி என் கையில்தான் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு அதிகம் பயம் வந்ததோ அது என்னோடு சேர்ந்து ஏற்றும். முதலில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விளக்கு ஏற்றும் உரிமை அதில்தான் கிடைக்கிறது என்று தெரிந்ததும் "டீச்சர், நான்தான் ரொம்பப் பயந்தேன்" என்று போட்டி வரும். பயந்ததை வெட்கமில்லாமல் வாயால் சொல்வது, அந்தப் பயம் தீர்வதில் பாதி.

வாசிக்கும்போது உம் கொட்டச் சொல்லுங்கள். நம் பாட்டிகள் உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்களே, அது வெறும் செல்லம் அல்ல. "உம்" சீராக வருகிறவரை கதை சரியாகப் போகிறது. குரல் மெலிந்து, "ம்..." என்று இழுத்தால் பயம் ஏறுகிறது. ஒரு பிள்ளையின் உம் மட்டும் நின்றுவிட்டால் உடனே தலையைத் தூக்கிப் பாருங்கள். தூங்கியிருந்தால் பரவாயில்லை. கண் விரிந்து உதடு காய்ந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "ஓடிடுவேன்", "கல்ல எடுத்து அடிப்பேன்", "எங்கப்பாவ கூப்பிடுவேன்" என்று ஏதாவது சொல்லும். சொன்ன பிறகு கதையில் அதற்கும் ஒரு கை வந்துவிடுகிறது, வெறுமனே மாட்டிக்கொண்டு கிடக்கவில்லை.

குரலை உயர்த்த வேண்டாம். பயமான இடத்தில் குரலைத் தாழ்த்துங்கள், வேகத்தைக் குறையுங்கள், எல்லோரும் முன்னால் சாய்ந்து வருவார்கள். மேலே விழுந்து "ஆ!" என்று கத்தும் கதைகள் இருக்கின்றன, எங்கே பாய வேண்டும் என்று புத்தகமே குறிப்புப் போட்டிருக்கும். ஒரு சாயங்காலத்துக்கு ஒன்று போதும், அதுவும் பெரிய பையன் ஒருவன்மேல் பாயுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கதவுப் பக்கமோ ஜன்னல் பக்கமோ உட்காரவைக்காமல் உங்கள் முட்டியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் வசன நடை விறைப்பாக இருந்தால், பேச்சை மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். "யாரது அங்கே நிற்பது?" என்று பேய் கேட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள். "யாரு அங்க நிக்கிறது?" என்று கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கதை முடிந்ததும் "நிஜமா டீச்சர்?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். நடுவில் கேட்டால் "முடியட்டும், சொல்றேன்" என்று சொல்லுங்கள், முடிந்த பிறகு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு அலைவதாகப் பேச்சு உண்டு. சதுப்பு நிலத்தில் இலைதழை அழுகும்போது வரும் வாயு எரிவதால் அந்த வெளிச்சம் தெரிவதாக விளக்கம் சொல்கிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கதை கெட்டுப்போகாது. "அப்ப பிசாசுக்கு வாயில எப்படித் தீ வந்துச்சுன்னு நாம ஒரு கதை கட்டலாமா?" என்று அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். கூட்டி அனுப்பும்போது அன்று என்ன கதை, எப்படி முடிந்தது என்று இரண்டு வரி துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளை கையில் கொடுங்கள். இரவில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், அம்மாவுக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் வாங்க அதிகம் கிடைக்கவில்லை என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அச்செடுக்கவும் அனுமதி உண்டு. பேய், பூதம், இருட்டு என்று தேடி, ஏழெட்டு எடுத்து நூல் கோத்துத் தைத்தால் உங்களுக்கென்று ஒரு தொகுப்பு.

அதைவிட நல்லது பிள்ளைகளே எழுதுவது. எழுதச் சொன்னதும் பேய் ஐந்து பேரைக் கொன்று ரத்தம் குடிக்கும். அதைத் தடுக்கத் திட்ட வேண்டாம், "அந்தப் பேய்க்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடும், பிறகு கூழ் அடுவதற்குப் பரபரக்கும். போர்க்களத்துப் பிணச் சமையலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது, ஆனால் பசித்த பேய் நம் இலக்கியத்தில் பழைய ஆள் என்று சொல்லலாம். எங்கள் பிள்ளைகள் எழுதிய பேய்களில் ஒன்றுக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டியிருந்தது, ஒன்றுக்குத் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு. மாயக்கதை எழுதினால் ஒரு மாயம் மட்டும், அதற்கு ஒரு கட்டுப்பாடு, அதற்கு ஒரு விலை என்று வையுங்கள். பென்சில் வரைவதெல்லாம் உயிர் பெறும், ஆனால் அழித்தால் வரைந்தவருக்கு ஒரு ஞாபகம் போய்விடும். இவ்வளவு கொடுத்தால் மீதி தானாக வரும். கதை அன்றிரவுக்குள் முடிய வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான விதி.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வந்துவிடும். முதல் பக்கம் அட்டை, ஆறு பக்கம் கதை. எட்டாவதை வெற்றாக விட்டு நூலக அலமாரியிலேயே வையுங்கள். எடுத்துப் போகிற பிள்ளைக்கு முடிவு பிடிக்காவிட்டால், தன் முடிவை அதில் எழுதித் திருப்பிக் கொடுக்கட்டும்.